மூன்று தண்ணீர்ப் பாட்டு

அட்டைமலைக்கு வண்டிப் பாதை போடாத காலம் அது. மலைக்குக் கீழே விரிந்து கிடந்த நாட்டை நெடுங்கோ என்று ஓர் அரசன் ஆண்டு வந்தான். நல்ல அரசன் என்றுதான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல் வெட்டியவனுக்குச் சோறு போட்டது யார் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்குத்தான் இந்தக் கதை.

மழைக்காலத்தில் அந்த மலையில் புல்லுக்கு ஓர் அட்டை இருக்கும். அதனால் அட்டைமலை. அட்டை காலில் ஏறும், இரத்தம் குடிக்கும், வயிறு நிறைந்ததும் தானாகக் கழன்று விழுந்துவிடும். போதும் என்று அதற்குத் தெரியும். போதும் என்று தெரியாத ஒருவர் இந்தக் கதையில் வருகிறார். அவர் அரசவைப் புலவர். சொல்லூர்க்கிழார் என்று பேர்.

மலையில் வாழ்ந்தவர்களுக்கு நெல்வயல் கிடையாது. கொஞ்சம் தினை விதைப்பார்கள். மழை பிடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். அப்புறம் மூன்று மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அந்த மூன்று மாதமும் அவர்களைக் காப்பாற்றியது ஒரு கிழங்கு. கீழ்நாட்டார் அதைப் பேய்க்கிழங்கு என்றார்கள். மலையார் மழைக்கிழங்கு என்றார்கள்.

அந்தக் கிழங்கில் நஞ்சு உண்டு. ஒரு தண்ணீரில் வேகவைத்து எடுத்தால் வாயில் வைத்தவுடன் நாக்கு அரிக்கும், தொண்டை வீங்கும். மூன்று தண்ணீரில் வேகவைத்து மூன்றையும் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தண்ணீரும் போதுமான நேரம் கொதிக்க வேண்டும். அவசரப்பட்டால் அரிப்பு மட்டும் போகும், நஞ்சு உள்ளேயே தங்கும். அரிக்கிற கிழங்கையாவது துப்பிவிடலாம். அரிக்காத நஞ்சை என்ன செய்வது?

போதுமான நேரம் என்பதை மலையார் எதைக் கொண்டு அளந்தார்கள்? பாட்டைக் கொண்டு அளந்தார்கள். பானையைச் சுற்றிப் பெண்களும் ஆண்களும் உட்கார்ந்து, ஒரு தாய் தன் மூன்று மகள்களைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் பாட்டைப் பாடுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் 'தில்லே தில்லே லேலோ' என்று ஒன்பது முறை சொல்வார்கள். "மூத்தவளே போய் வா" என்று முடியும்போது முதல் தண்ணீரைக் கொட்டுவார்கள். அதே அடிகளை மறுபடி பாடி, "நடுவளே போய் வா" என்று முடியும்போது இரண்டாவது தண்ணீர். அதே அடிகளை இன்னொரு முறை பாடி, "இளையவளே போய் வா" என்று முடியும்போது மூன்றாவது. பாட்டை முன்னால் நின்று எடுப்பவர் முதல் துண்டைத் தின்ன வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

அந்த ஊரில் பாட்டெடுப்பவள் மாதி. பக்கத்தில் அமர்ந்து பானை மூடியில் தாளம் தட்டுகிறவன் அவளுடைய அண்ணன் தொட்டன்.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும். அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்ட எவனும் "கற்றுக்கொடு" என்று கேட்டால் கற்றுக்கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. நல்ல மனிதர்கள் மட்டுமே வந்துபோன மலையில் பிறந்த வழக்கம் அது. சொல்லூர்க்கிழாரை அந்த வழக்கம் பார்த்ததில்லை.

அவர் மூன்று முறை மலையேறி வந்தார்.

முதல் முறை அவருடன் ஓர் ஓவியன் வந்தான். மலை வீடுகளில் மழைக்கு முன்னால் சுவரெல்லாம் செம்மண் பூசி, அரிசிமாவு போன்ற வெள்ளை மண்ணால் சித்திரம் எழுதுவார்கள். கொடி எங்கே படரும், கிழங்கு எந்தப் பாறையடியில் கிடக்கும், பன்றி எப்போது வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஆண்டு அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். ஓவியன் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு போனான். அரசியின் அந்தப்புரச் சுவரில் அது ஏறியது. கீழே ஓவியனின் பெயரும் புலவரின் பெயரும் ஏறின. மலையார் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். "பாவம், பன்றி வராத வீட்டுல பன்றி வர்ற வழிய எழுதி வெச்சிருக்காங்க" என்றான் தொட்டன்.

இரண்டாம் முறை புலவர் கிழங்கைக் கேட்டு வந்தார். தின்றார். இரண்டு இலை தின்றார். அடுத்த மாதமே அரசாணை வந்தது. ஆண்டுதோறும் இருபது சுமை மழைக்கிழங்கு அரண்மனைக்குக் காணிக்கையாக வர வேண்டுமாம். மலையார் இந்த முறை சிரிக்கவில்லை. ஆனாலும் பாடி வேகவைத்து, காயவைத்துச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை புலவர் ஓலையும் எழுத்தாணியுமாக வந்து பாட்டைக் கேட்டார். மாதி அடுப்பைப் பற்றவைத்து, கிழங்கை ஏற்றி, முதலிலிருந்து கடைசி வரை பாடிக் காட்டினாள். புலவர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். தண்ணீர் மூன்று முறை கொட்டப்பட்டதை அவர் பார்க்கவே இல்லை. எழுத்தாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிற வழியில் பாட்டைத் திருத்தினார். 'தில்லே தில்லே லேலோ'வுக்குப் பொருள் இல்லை என்று அத்தனையையும் அடித்தார். மூன்று மகள்களும் ஒரே மாதிரி போகிறார்களே, கூறியது கூறல் குற்றமாயிற்றே என்று இரண்டு மகள்களை நீக்கினார். ஒரே ஒரு மகள் மிச்சம். எட்டே அடி. அரசவையில் அதைப் பாடினார். அரசன் தலையை ஆட்டினான், அவை தலையை ஆட்டியது, தூண்களும் ஆட்டியிருக்கும். காட்டுக் கிழங்கையும் பாட்டால் பதமாக்கிய புலவர் என்று பட்டம் கொடுத்தார்கள். கூடவே ஒரு செப்பேடும் கொடுத்தார்கள்.

செப்பேட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "இப்பாட்டு சொல்லூர்க்கிழார் இயற்றியது. அவர் இசைவின்றி இதைப் பாடுவோருக்குப் பத்துக் கசையடி." எழுதிக் கீழே அரச முத்திரையும் வைத்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நெஞ்சு எரியும். திருடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். திருடிய பொருளை உடையவனே தொட்டால் அடி என்று சட்டம் போடுகிறவனை இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

ஆணையோடு இரண்டு காவலர்கள் மலைக்கு வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். முதல் நாளே கெம்பி என்கிற பெண், தேனெடுத்துவிட்டு வரும்போது பழக்கத்தில் 'தில்லே லேலோ' என்று முணுமுணுத்தாள். செப்பேட்டில் இல்லாத சொல்தான் அது. காவலர்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. பத்து அடி விழுந்தது.

மாதியும் தொட்டனும் இரண்டு நாள் நடந்து அரசவைக்குப் போனார்கள். அட்டைமலையில் மழைக்கும் 'நீ' தான், மலைக்கும் 'நீ' தான்; அடுப்படியில் சாப்பிட்ட விருந்தாளிக்கு மட்டும் 'நீங்க'. ஆகையால் அரசனுக்கும் 'நீ' என்றே பேசினாள் மாதி. அவையில் சிலருக்கு அதுவே பெரிய குற்றமாகப் பட்டது.

"ராசா, அது எங்க பாட்டு. எங்க வாயை நீ கட்டிப்போட்டா நாங்க எப்படிச் சமைக்கிறது?"

அரசன் பொறுமையாகத்தான் கேட்டான். "உங்கள் பாட்டு என்கிறாய். அதை இயற்றியது யார்? பெயரைச் சொல்."

இங்கேதான் மாதி தவறினாள். பாட்டின் ஆறாம் அடியைக் கட்டியது அவளே. அவளுக்கு முன்னால் வேறு யார் யாரோ மற்ற அடிகளைக் கட்டியிருந்தார்கள். ஆனால் 'நான் கட்டினேன்' என்று சொல்வது அட்டைமலையில் வெட்கக்கேடு. பிறருக்குப் போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதைப் போல. எல்லாம் நானே கட்டினேன் என்று பொய் சொல்லியிருந்தால் வழக்கில் வென்றிருப்பாள். வேறொரு பெயரைச் சொல்லியிருந்தாலும் வென்றிருப்பாள். நாக்கு எழவில்லை.

"யாரும் கட்டலை ராசா. அடுப்பு கட்டுச்சு, மழை கட்டுச்சு. நாங்க பாடுறோம்."

சொல்லூர்க்கிழார் எழுந்தார். "கேட்டீர்களா அரசே! உடையவர் இல்லாத பொருள் அரசனுக்கு உரியது. அரசர் அதை எனக்கு அளித்தார். இதில் இவர்களுக்கு என்ன வழக்கு?"

அவை சிரித்தது. தொட்டன் மட்டும் விடவில்லை. "சிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை. பாடாமச் சமைச்சா செத்துப்போவோம். அந்தப் பாட்டுதான் எங்களுக்குப் பதம் சொல்லும்."

அரசன் இரக்கப்பட்டான். ஆமாம், இரக்கந்தான் பட்டான். இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான். "வாய்விட்டுப் பாடத்தானே தடை? மனத்துக்குள் பாடிக்கொள்ளுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை."

என்னே கருணை என்று அவை மெச்சியது.

மழை பிடித்தது. தினை தீர்ந்தது. வெளியே இரண்டு காவலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மலையார் கிழங்கை ஏற்றி, அரசன் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பாடினார்கள்.

வாயால் பாடும் பாட்டுக்கு மூச்சு வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து பாடினால் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்துவார்கள். மனத்துக்குள் பாடும் பாட்டைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. அதுவும் பசித்த மனம். இரண்டு நாள் சாப்பிடாத குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டு ஓட்டமாக ஓடியது. மூன்று மகள்களும் கல்யாணமான கையோடு போய்விட்டார்கள். மூன்று தண்ணீரும் பாதி வேக்காட்டில் கொட்டப்பட்டன.

மாதி முதல் துண்டை எடுக்கப் போனாள். தொட்டன் அவள் கையைப் பிடித்தான். "இன்னைக்கு நீ பாடலையே. பாடாதவ எதுக்கு முதல்ல திங்கணும்? நான் தின்னு பாக்குறேன்."

அவன் தின்றான். அரிக்கவில்லை. இரண்டாவது துண்டையும் தின்றான், அரிக்கவில்லை. பசித்தவன் இரண்டு துண்டோடு நிறுத்துவானா? ஓர் இலை நிறையத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பிள்ளைங்களுக்குக் கொடு" என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. நாக்கு புரளவில்லை. கை நடுங்கியது. மாதி பானையைத் தட்டிக் கவிழ்த்தாள், அதனால் குழந்தைகள் பிழைத்தார்கள். தொட்டன் மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் செத்துப்போனான்.

ஊர் கிழங்கைத் தொடப் பயந்து இலையையும் தண்டையும் அவித்துத் தின்றது. அரண்மனைக்கு மட்டும் இருபது சுமைக் கிழங்கு வழக்கம்போல் போனது, பாடத் தடை என்பதால் இந்த முறை பச்சையாக. தொட்டன் செத்த செய்தியும் சுமைகாரர்களோடு போனது. வாயிற்காவலனிடம் சொன்னார்கள். அவன் "சரி, சுமையை அந்தப் பக்கம் இறக்கு" என்றான்.

அந்த மாதமே அரண்மனையில் பெரிய விருந்து. பக்கத்து நாட்டு அரசன் வந்திருந்தான். புலவரின் புகழ்பெற்ற கிழங்கை அவனுக்குப் படைக்க வேண்டும் என்று நெடுங்கோவுக்கு ஆசை. மடைப்பள்ளித் தலைவன் கொற்றன் செப்பேட்டை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எட்டு அடியையும் பாடி, மகளை அனுப்பும் அடி வந்ததும் தண்ணீரைக் கொட்டி, கிழங்கைத் தாளித்து இலையில் வைத்தான்.

அரசர்களும் அவையினரும் வாயில் வைத்தார்கள். அவ்வளவுதான். ஒருவன் நாக்கைச் சொறிந்தான், ஒருவன் தொண்டையைப் பிடித்தான், பக்கத்து நாட்டு அரசன் பேச முடியாமல் கையால் ஏதோ திட்டினான். முதல் வாயிலேயே அரித்ததால் எல்லோரும் துப்பிவிட்டார்கள். வைத்தியர்கள் புளியைக் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்று நாளில் எல்லோருக்கும் குரல் திரும்பியது.

பாருங்கள், மலையில் ஒருவன் உயிரே போயிற்று, அது வாயிற்படி தாண்டவில்லை. அரசனின் தொண்டை அரித்தது, நாடே கிடுகிடுத்தது.

"மலைக்காரர்கள் கிழங்கில் நஞ்சு வைத்து அனுப்பிவிட்டார்கள்" என்றார் சொல்லூர்க்கிழார், தொண்டையில் சந்தனப் பற்றோடு. "அந்தப் பெண்ணைப் பிடித்து வரவேண்டும். மலையைத் தீயிட்டுக் கொளுத்த வேண்டும்."

மாதியைப் பிடித்து வந்தார்கள். இந்த முறை அவள் தனியாக நின்றாள். பக்கத்தில் கொற்றனையும் கையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

"கிழங்கில் என்ன வைத்தாய்?" என்று அரசன் கேட்டான்.

"நாங்க எதுவும் வைக்கலை. மண்ணு வெச்சது. அதை எடுக்கத்தான் பாட்டு. என் அண்ணன் இதே இடத்துல நின்னு உனக்குச் சொன்னான், நீ மனசுக்குள்ள பாடச் சொன்னே. அப்படியே பாடினோம். அவன் செத்துப்போயிட்டான்."

அரசன் பேச்சை மாற்றினான். "இப்போது கேட்டதற்குப் பதில் சொல். இல்லாவிட்டால் உன் மலை எரியும்."

"நான் சொன்னா நீ நம்பமாட்டே. இங்கேயே அடுப்பை மூட்டச் சொல்லு. அந்தச் சுமையிலிருந்தே கிழங்கை எடு. பாட்டு அவருடையதுன்னு செம்புல எழுதியிருக்கே, அவரே பாடட்டும். இந்த மடைப்பள்ளி அண்ணன் சமைக்கட்டும். நான் கை வைக்கலை, தள்ளி நிக்கிறேன்."

நியாயமான பேச்சாக இருந்ததால் அரசனால் மறுக்க முடியவில்லை. அவையின் நடுவில் அடுப்பு வைத்தார்கள். கொற்றனின் கட்டை அவிழ்த்தார்கள். கிழங்கைச் சீவிப் பானையில் போட்டான். சொல்லூர்க்கிழார் தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டு அடியையும் இராகத்தோடு பாடினார். பாடி முடித்தார். பானையில் தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை.

யாரோ சிரித்தார்கள். புலவர் மறுபடி இழுத்து இழுத்துப் பாடினார். தண்ணீர் கொதித்தது. கொட்டினார்கள். கொற்றன் ஒரு துண்டை இலையில் எடுத்து மாதியிடம் கொடுத்தான். மாதி அதைப் புலவரிடம் நீட்டினாள்.

"பாட்டெடுத்தவர் முதல்ல திங்கணும். சாப்பிடுங்க சாமி."

"நான் புலவன். சமையலை ருசி பார்ப்பது என் வேலை அன்று" என்றார்.

மாதி இலையை மறுபடி நீட்டினாள். "உங்க பாட்டுல வெந்தது சாமி. சாப்பிடுங்க."

"இன்று எனக்கு நோன்பு" என்றார்.

மாதி இன்னும் ஓர் அடி முன்னால் போய் நீட்டினாள். "நீங்க மூணு தடவை எங்க அடுப்படிக்கு வந்தீங்க. நாங்க போட்ட எதையும் நீங்க வேண்டாம்னு சொன்னதில்லை. இன்னைக்கு உங்க பாட்டை நம்பி ஒரே ஒரு துண்டு தின்னுங்க. தின்னுட்டீங்கன்னா பாட்டு உங்களுது. எங்க மலையைக் கொளுத்துங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்லூர்க்கிழார் பின்னால் போனார். தூண் முதுகில் இடிக்கும்வரை போனார். வாயைத் திறக்கவே இல்லை. தான் இயற்றியதாகச் செம்பில் எழுதி வாங்கிக்கொண்ட பாட்டைத் தானே நம்பாத புலவரை அன்றைக்கு அந்த அவை கண்ணால் கண்டது.

"நீ பாடு" என்றான் அரசன், மாதியைப் பார்த்து.

"பத்து அடி?"

"இன்று இல்லை. பாடு."

மாதி உட்கார்ந்தாள். புதுக் கிழங்கை ஏற்றச் சொன்னாள். பானை மூடியைத் தட்ட அண்ணன் இல்லாததால் தன் தொடையைத் தட்டிக்கொண்டு தொடங்கினாள். 'தில்லே தில்லே லேலோ' ஒன்பது முறை. அடுத்த அடி. மறுபடி ஒன்பது முறை. முதல் மகள் போவதற்குள் அமைச்சர்கள் கால் மாற்றி நின்றார்கள். இரண்டாம் மகள் போனபோது கொற்றனும் சேர்ந்துகொண்டான். மூன்றாம் மகள் போனபோதும் மாதி ஒரு 'லேலோ'வையும் விடவில்லை. மூன்றாம் தண்ணீரைக் கொட்டி, முதல் துண்டை அவளே தின்றாள். இரண்டாவது துண்டைக் கொற்றன் தின்றான். மூன்றாவது துண்டை, யாரும் எதிர்பார்க்காமல், அரசியே வந்து எடுத்துத் தின்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அரசனுக்கு முகம் கறுத்தது. சரி, இப்போதாவது மன்னிப்புக் கேட்டான் என்று நினைக்கிறீர்களா? அரசர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. பரிசு கொடுப்பார்கள்.

"இந்தப் பெண்ணுக்குப் பட்டும் வளையும் கொடுங்கள்" என்றான்.

"பட்டு அட்டைமலைல ஒரு மழைக்கு வராது. வேண்டாம் ராசா."

"அப்படியானால் செப்பேட்டில் புலவரின் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை வெட்டச் சொல்கிறேன்."

"நாளைக்கு எங்க ஊர்ல பாடுறவங்களை என் பேரைச் சொல்லி அடிக்கிறதுக்கா? வேண்டாம்."

அரசன் யோசித்தான். பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினான். "சரி. இன்று முதல் அட்டைமலையார் அந்தப் பாட்டைப் பாட நான் அனுமதி தருகிறேன்."

அதுவரை பொறுமையாக இருந்த மாதிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அனுமதியா? எங்க வாயால எங்க பாட்டைப் பாட நீ அனுமதி தர்றியா? அப்புறம் மூச்சு விடவும் ஓலை எழுதித் தருவியா? இன்னைக்குத் தர்றவன் நாளைக்குப் பிடுங்குவே. எனக்கு உன்கிட்ட எதுவும் வேண்டாம். நீ எடுத்துக்கிட்டதைத் திருப்பி வை. அந்தச் செம்பை அழி."

"அரச முத்திரை விழுந்த செப்பேட்டை அழிக்கும் வழக்கம் இல்லை" என்றார் அமைச்சர்.

கொற்றன்தான் அப்போது வாயைத் திறந்தான். "அரசே, அடிமை ஒன்று சொல்கிறேன். நான் படித்துப் பார்த்துத்தான் சமைத்தேன். நாளைக்கு இன்னொருவன் படித்துப் பார்த்துச் சமைப்பான். ஒரு வேக்காடு கூட்டி வைப்பான், அரிக்காது, தின்கிறவர் சாவார். அந்தச் சாவின் கீழே உங்கள் முத்திரை இருக்கும். அந்த ஏடு இருக்கும்வரை நான் மடைப்பள்ளிக்குள் கால் வைக்கமாட்டேன்."

அரசன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். செம்பு வேலை செய்யும் கன்னானை வரச் சொன்னான். அவை பார்க்கச் செப்பேட்டைச் சம்மட்டியால் அடித்து எழுத்தை நசுக்கினார்கள். தொட்டனுக்காக அழியாத ஆணை, தன் தொண்டைக்காக அழிந்தது. நியாயம் கேட்டு நடக்காததைப் பயம் நடத்திக் காட்டியது. நான் இதை மறைத்துச் சொல்லமாட்டேன்.

புலவருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். அரசனின் குதிரைகளைப் புகழ்ந்து பாடும் வேலைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். குதிரைகள் என்ன நினைத்தன என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

மாதி இரண்டு நாள் நடந்து மலையேறினாள். காவலர்களைக் கீழே அழைக்கும் ஓலையோடு அரசனின் ஆளும் கூட வந்தான். ஊருக்குள் நுழைந்தபோது சாயங்கால மழை கொட்டியது. அடுப்பைப் பற்றவைத்தாள், கிழங்கை ஏற்றினாள், நடுவில் உட்கார்ந்து உரக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். அழுதுகொண்டே பாடினார்கள். தொட்டன் உட்காரும் இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

அந்த மழையில் காவலர்கள் இரண்டு பேரும் கீழே இறங்க முடியாமல் இறவாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுடைய அரிசி தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கிழங்கு மணம் மூக்கைத் துளைத்தது. கேட்க வாய் வரவில்லை. எந்த வாயால் கேட்பார்கள்?

பத்து அடி வாங்கிய கெம்பி எழுந்து போய் இரண்டு இலை போட்டாள். "உக்காருங்க. ஆனா எங்க அடுப்படியில பாடாதவங்களுக்குச் சோறு இல்லை. 'தில்லே லேலோ' மட்டும் சொன்னாப் போதும்."

அடித்த காவலன் தலை நிமிராமல் சொன்னான், "எனக்குப் பாட வராது அக்கா. தப்பாயிடும்."

"தப்பாவே பாடு" என்றாள் கெம்பி. "இங்க பாடுறதுக்கு யாரும் அடிக்க மாட்டாங்க."

அவன் பாடினான். தப்பாகத்தான் பாடினான். இலையைத் தொட அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

பெரியவர்களே, பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு மக்களின் கலையைச் சுவைக்க விரும்புகிறவன், முதலில் அந்த மக்களின் வாயிலிருந்து தன் கையை எடுக்க வேண்டும்.